126 மில்லியன் டாலர் பந்துவீச்சாளருக்கு 25 பேர் பட்டியலில் இடமில்லை: 2010இல் பாரி ஜீட்டோவுக்கு நடந்தது அநியாயமா?

வாசகர் கேள்வி, நவம்பர் 3, 2025

இந்த ஆண்டு பேஸ்பால் பிளேஆஃபில் (சீசன் முடிந்தபின் பட்டத்துக்காக நடக்கும் சுற்றுகள்) யாங்கீஸ் தொடருக்கான பட்டியலில் மூத்த பந்துவீச்சாளர் மேக்ஸ் ஷெர்சர் பெயரை டொராண்டோ சேர்க்கவில்லை. கடைசியில் இறுதிச் சுற்றான உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தைத் தொடங்க அதே ஷெர்சரைத்தான் அழைத்தார்கள். இன்னொரு மூத்த பந்துவீச்சாளர் கெர்ஷாவை டாட்ஜர்ஸ் முதல் சுற்றில் வெளியே உட்கார வைத்தது. 2010இல் சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் பாரி ஜீட்டோவை மூன்று சுற்றுகளிலும் ஒதுக்கியது. ஆண்டு முழுவதும் உழைப்பை வாங்கிக்கொண்டு அக்டோபர் வந்ததும் கைவிடுவதைத் துரோகம் என்றுதான் சொல்வேன். மூத்த பந்துவீச்சாளருக்கு மரியாதைக்காகவாவது ஓர் இடம் தர வேண்டாமா?

நவம்பர் 4

மரியாதைக்காக இடம் தரக் கூடாது. ஜீட்டோ எனக்கு மிகவும் பிடித்த பந்துவீச்சாளர், அப்படியிருந்தும் சொல்கிறேன்: 2010இல் மேலாளர் புரூஸ் போச்சி செய்தது சரி.

பின்னணி தெரியாதவர்களுக்காக. ஜீட்டோ இடதுகைக்காரர். ஓக்லண்ட் அணியில் 2002இல் 23 வெற்றி, 5 தோல்வி, கூடவே ஆண்டின் சிறந்த பந்துவீச்சாளருக்கான சை யங் விருது. தோள் உயரத்தில் வருவதுபோல் தெரிந்து முழங்காலுக்குச் சரியும் அவருடைய கர்வ்பாலை அடிக்க முடியாமல் பெரிய பெரிய மட்டையாளர்கள் நின்றுபோனார்கள். 2006 டிசம்பரில் ஜயன்ட்ஸ் அவரை ஏழு ஆண்டுகளுக்கு 126 மில்லியன் டாலர் கொடுத்து எடுத்தது. அதுவரை எந்தப் பந்துவீச்சாளருக்கும் அவ்வளவு பெரிய ஒப்பந்தம் கிடைத்ததில்லை. ஆனால் வளைகுடாவின் இந்தக் கரைக்கு வந்தபோது ஓக்லண்டில் பார்த்த ஜீட்டோ வந்து சேரவில்லை. வேகப்பந்தின் வேகம் மணிக்கு 85 மைல் அளவுக்கு இறங்கிவிட்டது. 2008இல் 17 தோல்விகள். தன் ஊர் ரசிகர்களே கூச்சலிட்டு எதிர்த்தார்கள்.

2010இல் ஏப்ரலில் அற்புதமாகத் தொடங்கினார், கோடைக்குப் பிறகு சரிந்தார். ஆண்டு முடிவில் 9 வெற்றி, 14 தோல்வி. ஒன்பது இன்னிங்ஸுக்கு எதிரணிக்குக் கொடுத்த ஓட்டம் 4.15 (குறைவாக இருந்தால் நல்லது). ஆட்டத்தைத் தொடங்கும் மற்ற நான்கு பந்துவீச்சாளர்களின் கணக்கு: பம்கார்னர் 3.00, சான்செஸ் 3.07, கெய்ன் 3.14, லின்ஸகம் 3.43. பிளேஆஃபில் நடுநடுவே ஓய்வு நாள்கள் வருவதால் தொடக்கப் பந்துவீச்சாளர்கள் நால்வர் போதும். இந்த ஐந்து எண்களில் எதை நீக்குவது என்பதற்கு யோசிக்கவே வேண்டியதில்லை.

நவம்பர் 4, இரவு

கிரிக்கெட் வழியாக வந்த நண்பர் கேட்டிருக்கிறார்: "25 பேரில் ஒருவராக உட்கார வைத்துவிட்டு ஆடவிடாமல் இருந்திருக்கலாமே?"

முடியாது. கிரிக்கெட்டில் பதினொருவரில் இல்லாதவர் மாற்றுக் களத்தடுப்பாளராகவாவது உள்ளே வரலாம். பேஸ்பாலில் பட்டியலில் உள்ள ஒவ்வொருவரும் ஆட்டத்தின் எந்த நிமிடத்திலும் இறக்கப்படக்கூடியவர். வெளியே போனவர் அந்த ஆட்டத்தில் திரும்பி வர முடியாது. பதினான்காவது இன்னிங்ஸ் வரை ஆட்டம் நீண்டால் அந்த 25ஆவது ஆள்தான் தோற்காமல் காப்பாற்ற வேண்டியிருக்கும். ஒரு தொடர் தொடங்கிவிட்டால் காயம் பட்டால் மட்டுமே ஆளை மாற்றலாம். அப்படி நீக்கப்பட்டவர் அடுத்த சுற்றிலும் ஆட முடியாது. (இப்போது 26 பேர், அப்போது 25.) அலங்காரத்துக்கு ஓர் இடம் என்ற ஒன்று அங்கே இல்லை.

நவம்பர் 5

அக்டோபர் 2, 2010 பற்றி எழுதாமல் மேலே போக முடியவில்லை.

சீசனின் கடைசி வாரம். சான் டியேகோ பாட்ரெஸுடன் மூன்று ஆட்டங்கள், சான் பிரான்சிஸ்கோவிலேயே. அதில் ஒன்றை வென்றால் பிரிவுப் பட்டம் ஜயன்ட்ஸுக்கு. வெள்ளிக்கிழமை கெய்ன் தோற்றார். சனிக்கிழமை ஜீட்டோவின் முறை. நான் அப்போது சான் ஹோசேக்கு வேலைக்கு வந்த புதிது. உடன் வேலை செய்தவர்களிடமிருந்து பேஸ்பால் தொற்றிக்கொண்டிருந்தது. அன்று பிற்பகல் வானொலியில் கேட்டுக்கொண்டிருந்தேன். முதல் இன்னிங்ஸிலேயே மூன்று பேஸ்களிலும் எதிரணி ஆட்டக்காரர்கள் நின்றார்கள். அடுத்து, அடிக்கக்கூடிய இடத்தில் பந்தைப் போட முடியாமல் ஒருவரை முதல் பேஸுக்கு நடக்கவிட்டார், மற்றவர்கள் ஒவ்வொரு பேஸ் நகர்ந்ததில் ஒரு ஓட்டம். இன்னொருவரையும் நடக்கவிட்டார், இன்னொரு ஓட்டம். மட்டையில் பந்து படாமலேயே இரண்டு ஓட்டங்கள் உள்ளே வந்தன. வர்ணனையாளரின் குரலுக்குப் பின்னால் மைதானம் முணுமுணுத்தது கேட்டது. ஆட்டம் 4க்கு 2 என்று போனது.

ஞாயிற்றுக்கிழமை சான்செஸ் வீசி 3க்கு 0 என்று வென்றார்கள். 92 வெற்றி, 70 தோல்வி. பாட்ரெஸ் இரண்டு ஆட்டங்கள் பின்னால்.

அடித்த பந்து வேலியைத் தாண்டுவதை எந்த மேலாளரும் மன்னிப்பார். அக்டோபரில் நடக்கவிடுவதைத்தான் மன்னிக்க மாட்டார். போச்சி அந்தச் சனிக்கிழமைக்கு முன்பே முடிவெடுத்திருந்தாரா என்று என்னால் சொல்ல முடியாது. அன்று மாலை அந்த முடிவை மாற்ற ஒரு காரணமும் மிஞ்சவில்லை என்பதை மட்டும் சொல்லலாம்.

நவம்பர் 5, சற்று நேரம் கழித்து

"புல்பென்னில் வைத்திருக்கலாமே" என்பவர்களுக்கு: புல்பென் என்பது ஆட்டத்தின் நடுவே இறக்கப்படும் மாற்றுப் பந்துவீச்சாளர்களின் இடம்; நெருக்கடி நடுவில் வந்து முதல் பந்திலேயே ஸ்டிரைக் (மட்டையாளருக்கு எதிராக எண்ணப்படும் பந்து) போடத் தெரிந்தவருக்குத்தான் அது. ஜீட்டோ ஓர் ஆட்டத்துக்குள் மெல்ல மெல்ல நுழைகிறவர். போதாததற்கு ஜயன்ட்ஸிடம் ஏற்கெனவே ஹாவியர் லோபஸ், ஜெரமி அஃபெல்ட் என்ற இரண்டு இடதுகைக்காரர்கள் அந்த வேலைக்கென்றே இருந்தார்கள். அந்த அக்டோபரில் பிலடெல்பியாவின் இடதுகை மட்டையாளர்களை லோபஸ் என்ன பாடு படுத்தினார் என்று தேடிப் பாருங்கள்.

நவம்பர் 6

பணத்தைப் பற்றி மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். "இவ்வளவு கொடுத்தவரை வெளியே வைப்பது நிர்வாகத்துக்கே வெட்கக்கேடு." எனக்கு இது தலைகீழாகத் தெரிகிறது. பொது மேலாளர் பிரையன் சேபியன் தான் போட்ட கையெழுத்தைக் காப்பாற்றிக்கொள்ள நினைத்திருந்தால் ஜீட்டோவுக்கு இடம் வாங்கிக் கொடுத்திருப்பார். பல நிறுவனங்களில் அப்படித்தான் நடக்கும்; தவறான விலைக்கு வாங்கியதை மறைக்க அதையே திரும்பத் திரும்பப் பயன்படுத்துவார்கள். இங்கே 126 மில்லியனை மறந்துவிட்டு, 21 வயதுப் பம்கார்னரை எடுத்தார்கள். அந்தப் பையன் டெக்சஸில் உலகத் தொடரின் நான்காவது ஆட்டத்தில் எட்டு இன்னிங்ஸ் வீசி ஒரு ஓட்டம்கூடக் கொடுக்கவில்லை. நவம்பர் 1ஆம் தேதி, அணி நியூயார்க்கிலிருந்து 1958இல் சான் பிரான்சிஸ்கோவுக்கு வந்த பிறகான முதல் பட்டம் கிடைத்தது.

பணம் 2006இல் கொடுத்த வாக்கு. அதை டாலர் குறையாமல் ஜீட்டோவுக்குக் கொடுத்தார்கள். 2010 அக்டோபரில் யார் வீசுவது என்பது அந்த வாக்கில் அடங்காது.

நவம்பர் 7

நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தேன். எழுதியது எதையும் மாற்றப் போவதில்லை, ஆனால் ஒரு பக்கம் விடுபட்டிருக்கிறது.

ஜீட்டோ அந்த ஆண்டு 33 ஆட்டங்களைத் தொடங்கினார். 199 இன்னிங்ஸுக்கு மேல் வீசினார். பிரிவுப் பட்டத்தை அணி இரண்டே ஆட்ட வித்தியாசத்தில் வென்றது. இவர் இடத்தில் சிறிய லீக்கிலிருந்து இழுத்துவந்த ஒருவர் வீசியிருந்தால் அந்த இரண்டு ஆட்டங்கள் என்னவாகியிருக்கும்? ஏப்ரலில் அவர் வென்று கொடுத்ததும் அக்டோபர் 3 அன்று சான்செஸ் வென்று கொடுத்ததும் ஒரே கணக்கில்தான் சேர்ந்தன.

ஐந்தாவது பந்துவீச்சாளரின் வேலை ஏறக்குறைய முழுவதும் இந்தக் கண்ணுக்குத் தெரியாத பகுதிதான். ஜூலை மாத வெயிலில் ஆறு இன்னிங்ஸ், நான்கு ஓட்டம் என்று வீசி, புல்பென்னுக்கு ஒரு நாள் ஓய்வு கொடுப்பது. லின்ஸகம் அக்டோபர் 7 அன்று அட்லாண்டாவை 14 ஸ்டிரைக்அவுட்டோடு (மூன்று ஸ்டிரைக்கில் மட்டையாளரை வெளியேற்றுவது) வீழ்த்தியபோது அவருடைய கை அந்த அளவுக்காவது புதிதாக இருந்தது என்றால், ஐந்து நாளுக்கு ஒருமுறை இன்னொருவர் சுமையை வாங்கியதும் அதற்குக் காரணம்.

அதனால் என் நிலை இது: பட்டியலில் சேர்க்காதது சரி. சேர்க்காததை வைத்து அந்த ஆண்டு முழுவதையும் அழித்து எழுதுவது தவறு. "126 மில்லியன் வீண்" என்று அன்று செய்தித்தாள்களிலும் வானொலியிலும் பேசியவர்கள் இரண்டாவதைச் செய்தார்கள்.

நவம்பர் 7, இரவு

"நீங்கள் இதையெல்லாம் வெளியிலிருந்து எழுதுகிறீர்கள்" என்று ஒருவர் சுருக்கென்று கேட்டுவிட்டார். நியாயமான கேள்விதான்.

இங்கே வார இறுதி கிரிக்கெட் லீக் ஒன்றில் சில ஆண்டுகள் அணித்தலைவராக இருந்தேன். எங்களிடம் திருநெல்வேலிக்காரர் ஒருவர், ஐம்பதை நெருங்கியவர், மெதுவான ஆஃப் ஸ்பின் போடுவார். எல்லோருக்கும் அண்ணன். லீக் சுற்று முழுவதும் ஆள் வராத நாள்களில்கூட அவர் வந்துவிடுவார். அரையிறுதிக்கு எங்கள் வேகப்பந்து வீச்சாளர்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். சிறிய மைதானம் வேறு. அண்ணனை விட்டுவிட்டேன். முந்தின நாள் இரவு தொலைபேசியில் அழைத்து, "அண்ணே, நாளைக்கு உங்களை எடுக்கவில்லை" என்றேன். காரணங்களை அடுக்கத் தொடங்கினேன். "காரணம் எனக்கே தெரியும் தம்பி, நீ போய்த் தூங்கு" என்றார்.

மறுநாள் மைதானத்துக்கு அவர் வரவில்லை. வந்து கைதட்டுவார் என்று எதிர்பார்த்திருந்தேன். வராதது எனக்கு நெடுநாள் உறுத்தியது. அணியில் சிலர் வெளிப்படையாகவே குறைசொன்னார்கள்.

அடுத்த சீசனின் முதல் ஆட்டத்துக்கு எல்லோருக்கும் முன்பே வந்து ஸ்டம்ப் நட்டுக்கொண்டிருந்தார். அந்த அரையிறுதியைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை.

நவம்பர் 8

அண்ணனைப் பற்றி எழுதியதும் ஜீட்டோ பின்னாளில் சொன்னது நினைவுக்கு வந்தது. ஓய்வுபெற்று, தன் வாழ்க்கையைப் பற்றிப் புத்தகம் எழுதியபோது, 2010 அக்டோபரில் தன் சொந்த அணி தோற்க வேண்டும் என்று மனத்துக்குள் விரும்பியதாக ஒப்புக்கொண்டார். தான் இல்லாமல் அவர்கள் வென்றுவிட்டால் தனக்கு அங்கே என்ன மதிப்பு என்ற எண்ணம்.

இதைப் படித்த ரசிகர்கள் பலர் கொதித்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. சிறு வயது முதல் ஒரே காரியத்துக்காக வளர்க்கப்பட்டவர் அவர். தந்தை ஜோ ஜீட்டோ இசைக்கலைஞர், நாட் கிங் கோலுக்கு இசையமைத்து நடத்தியவர். மகனின் பந்துவீச்சுக்காகத் தன் நாள்களையே மாற்றி அமைத்துக்கொண்டவர். அப்படி வளர்ந்தவரை ஊர் முழுவதும் ஆரஞ்சு நிறத்தில் கொண்டாடும்போது ஓரமாக நில் என்றால், உள்ளே பொங்குவதற்குப் பெயர் துரோகம் அல்ல. வெளியே அவர் முகம் சுளித்ததாகவோ, அணியைப் பற்றி ஒரு சொல் தவறாகப் பேசியதாகவோ ஒரு செய்தியையும் நான் பார்த்ததில்லை. மனம் என்ன நினைத்தது என்பதை அவரே சொன்னதால்தான் நமக்குத் தெரியும்.

ஒதுக்கப்பட்டவர் சிரித்துக்கொண்டே கைதட்ட வேண்டும் என்று கேட்பது கொஞ்சம் அதிகம். முடிவை ஏற்றுக்கொண்டால் போதாதா? மகிழவும் வேண்டுமா? அண்ணன் வீட்டிலேயே இருந்துவிட்டதை இப்போது அப்படித்தான் பார்க்கிறேன்.

நவம்பர் 9

எல்லோரும் 2012ஐக் கொண்டுவருவீர்கள் என்று தெரியும். "பார்த்தீர்களா, ஜீட்டோ தன்னை நிரூபித்துவிட்டார், 2010இல் விட்டது தவறு" என்று இரண்டு பேர் எழுதியும்விட்டீர்கள்.

நடந்தது இது. தேசிய லீக் இறுதித் தொடர், செயின்ட் லூயிஸ் 3க்கு 1 என்று முன்னிலை. அக்டோபர் 19, ஐந்தாவது ஆட்டம், எதிரணி மைதானம். தோற்றால் வீட்டுக்கு. ஜீட்டோ ஏழு இன்னிங்ஸைத் தாண்டி, எட்டாவதில் இரண்டு பேரை வீழ்த்தும்வரை வீசி, ஒரு ஓட்டம்கூடக் கொடுக்கவில்லை. மட்டையைப் பிடித்து யாரும் எதிர்பாராத ஒரு பன்ட் (பந்தை மெதுவாகத் தட்டி உருட்டுவது) அடித்து ஓர் ஓட்டத்தையும் சேர்த்தார். 5க்கு 0. தொடரை ஜயன்ட்ஸ் திருப்பி வென்றது. ஐந்து நாள் கழித்து உலகத் தொடரின் முதல் ஆட்டம், டெட்ராய்டின் ஜஸ்டின் வெர்லாண்டருக்கு எதிராக; அந்தக் காலத்தில் அவரைவிடப் பயங்கரமான பந்துவீச்சாளர் கிடையாது. ஜயன்ட்ஸின் சாண்டோவல் மூன்று ஹோம் ரன் அடித்தார், ஜீட்டோவே வெர்லாண்டரின் பந்தை அடித்து ஓர் ஓட்டம் எடுத்தார். 8க்கு 3. நான்கே ஆட்டங்களில் பட்டம்.

இப்போது எண்களைப் பாருங்கள். 2010 சீசனில் ஜீட்டோ கொடுத்த ஓட்ட விகிதம் 4.15. 2012 சீசனில் 4.15. ஒரு புள்ளி மாறவில்லை.

முதல் தடவை இதைக் கவனித்தபோது பக்கத்தைத் தவறாகப் படித்துவிட்டோமோ என்று இன்னொரு தடவை சரிபார்த்தேன். 9க்கு 14 என்ற கணக்கு 15க்கு 8 ஆனதற்கு அவர் வீசும்போது சக ஆட்டக்காரர்கள் அடித்துக் கொடுத்ததும் ஒரு காரணம். பட்டியலில் இடம் கிடைத்ததற்குக் காரணம் இன்னும் எளியது: 2012இல் லின்ஸகத்தின் விகிதம் 5.18 ஆகிவிட்டது, பம்கார்னர் அந்த அக்டோபரில் முதல் இரண்டு தடவையும் அடிவாங்கினார். சுற்றியிருந்தவர்கள் மாறினார்கள். அதே ஜீட்டோ, அதே அளவு பந்துவீச்சு, ஓர் ஆண்டு 25 பேருக்கு வெளியே, இன்னோர் ஆண்டு உலகத் தொடரின் முதல் ஆட்டத்தில்.

பட்டியல் ஒருவரை எடைபோடுவதாக நினைக்கிறோம். அவரையும் அருகில் நிற்கும் நால்வரையும் அந்த வாரத்தில் ஒப்பிடுவதற்கு மேல் அது எதையும் செய்வதில்லை. 2012ஐ வைத்து 2010ஐத் தவறு என்று சொல்ல முடியாததற்கு இதுதான் காரணம்.

நவம்பர் 9, மறுபடியும்

லின்ஸகத்தை மறந்துவிடாதீர்கள். இரண்டு சை யங் விருது வாங்கியவர், 2010 பட்டத்தின் நாயகன். 2012இல் அவரைப் போச்சி புல்பென்னுக்கு அனுப்பினார். சின்சினாட்டியில் ஜீட்டோ மூன்றாவது இன்னிங்ஸில் தடுமாறி வெளியேறிய ஆட்டத்தைக் காப்பாற்றியது லின்ஸகம்தான். உலகத் தொடரின் முதல் ஆட்டத்திலும் ஜீட்டோவுக்குப் பின்னால் வந்து மட்டையாளர்களைத் திணறவைத்தார். ஒருவர் இறங்கிய படியில் இன்னொருவர் ஏறினார். போச்சியை நான் மதிப்பது இதற்காக: 2010இல் விட்ட ஆளை 2012இல் அழைக்க அவர் தயங்கவில்லை, 2010இல் தூக்கி நிறுத்திய ஆளை 2012இல் இறக்கவும் தயங்கவில்லை.

நவம்பர் 11

வெர்லாண்டர் பெயரை எழுதிய பிறகு அவருடைய 2024 நினைவுக்கு வந்து இரண்டு நாளாக மனத்தில் சுற்றுகிறது.

ஹூஸ்டன் அணி, முதல் சுற்று, மூன்று ஆட்டத் தொடர். 41 வயது வெர்லாண்டர் பட்டியலில் இல்லை. கழுத்துக் காயத்திலிருந்து திரும்பியபின் சரியாக வீசவில்லை; ஆண்டுக் கணக்கு 5 வெற்றி, 6 தோல்வி, 5.48. எதிரணி யார்? டெட்ராய்ட். அவர் 2005 முதல் 2017 வரை ஆடிய ஊர், அவரை ஆளாக்கிய அணி. மூன்று சை யங் விருது வாங்கியவர் தன் பழைய அணி தன் புதிய அணியை இரண்டே ஆட்டங்களில் வெளியேற்றுவதை வெளியிலிருந்து பார்த்தார். 2012இல் அவரை வீழ்த்திய ஜீட்டோ நின்ற அதே இடத்தில் பன்னிரண்டு ஆண்டு கழித்து அவரும் நின்றார்.

ஹூஸ்டன் தோற்றதால் முடிவு தவறா? அந்த இரண்டு ஆட்டங்களிலும் தோற்றது மட்டையாளர்களால். இரண்டிலும் சேர்த்து மூன்று ஓட்டங்கள்தான் எடுத்தார்கள். வெர்லாண்டர் இருந்திருந்தாலும் அடித்துக் கொடுத்திருக்க மாட்டார். இங்கேயும் என் பதில் அதேதான், ஆனால் இதை எழுதும்போது ஜீட்டோவைப் பற்றி எழுதியதைவிட வலிக்கிறது. ஜீட்டோவுக்கு அப்போது 32 வயது, இன்னொரு அக்டோபர் இருந்தது. 41இல் அதற்கு உத்தரவாதம் எதுவும் இல்லை.

நவம்பர் 12

கேள்வி கேட்டவர் ஷெர்சருக்குத் திரும்பச் சொல்கிறார். சரி.

ஷெர்சருக்கும் 41 வயது. ஆண்டு விகிதம் 5.19, கடைசிச் சில வாரங்கள் மிக மோசம். யாங்கீஸ் தொடருக்கு அவரும் இல்லை, கிறிஸ் பாசிட்டும் இல்லை. அடுத்த சுற்றுக்கு இருவரையும் சேர்த்தார்கள். பட்டியல் ஒவ்வொரு சுற்றுக்கும் புதிதாக எழுதப்படுவதன் அருமை அங்கே தெரிந்தது. சியாட்டிலில் நான்காவது ஆட்டம். ஐந்தாவது இன்னிங்ஸில் மேலாளர் ஜான் ஷ்னைடர் பந்தை வாங்கிக்கொள்ள நடந்து வந்தபோது ஷெர்சர் அவர் முகத்துக்கு நேராகக் கத்தி அனுப்பிவிட்டார். ஷ்னைடரும் திரும்பிப் போனார். அடுத்த மட்டையாளர் ஸ்டிரைக்அவுட். ஏழாவது ஆட்டத்தில் டாட்ஜர்ஸுக்கு எதிராக நான்கு இன்னிங்ஸுக்கு மேல் வீசி ஒரே ஓட்டம் கொடுத்து, முன்னிலையோடு இறங்கினார். 11 இன்னிங்ஸில் டொராண்டோ தோற்றது அவரால் அல்ல.

இதில் அவமானம் எங்கே இருக்கிறது? நேரம் வரும்வரை காத்திருக்கச் சொன்னார்கள். நேரம் வந்ததும் அழைத்தார்கள்.

எல்லோரும் ஷெர்சரைப் பேசுவதால் பாசிட் மறைந்துபோகிறார். ஆண்டு முழுவதும் தொடக்கப் பந்துவீச்சாளர், 11 வெற்றி. செப்டம்பரில் முதுகு பிடித்துக்கொண்டது, முதல் தொடரில் இடமில்லை. திரும்பி வந்தபோது தொடக்க இடம் இல்லை, புல்பென்தான். சியாட்டிலுடனான ஏழாவது ஆட்டத்தில் எட்டாவது இன்னிங்ஸ் வீசிக் கொடுத்தார். கத்தியவரைவிட இவரைப் பற்றி எழுதத்தான் எனக்கு விருப்பம்.

நவம்பர் 12, இரவு

கெர்ஷாவைப் பற்றிச் சுருக்கமாக. முதல் சுற்று மூன்று ஆட்டம்தான், ஸ்னெல்லும் யாமமோட்டோவும் வீசினார்கள், இரண்டிலேயே முடிந்தது. அங்கே நான்காவது ஐந்தாவது பந்துவீச்சாளருக்கு வேலையே இல்லை. அடுத்த சுற்றில் பிலடெல்பியாவிடம் நன்றாக அடிவாங்கினார். உலகத் தொடரின் மூன்றாவது ஆட்டத்தில், 18 இன்னிங்ஸ் போன அந்த ஆட்டத்தில், பன்னிரண்டாவதில் மூன்று பேஸ்களும் நிரம்பி இரண்டு பேர் வீழ்ந்திருந்தபோது வந்து, ஒரே ஒரு மட்டையாளரை வீழ்த்திவிட்டுப் போனார். நவம்பர் 4 இரவுக் குறிப்பில் 25ஆவது ஆள் என்று எழுதினேனே, அதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. 3,000 ஸ்டிரைக்அவுட் எடுத்தவர் அந்த இரவு செய்தது பட்டியலின் கடைசி ஆளுடைய வேலை. அதை முழு மனத்தோடு செய்தார். அவரை அங்கே வைத்தது மரியாதைக்காக என்று சொல்பவர்கள் அந்தக் கடைசிப் பந்து வரை போன மோதலை மறுபடி பார்க்கட்டும்.

நவம்பர் 14

ஜீட்டோவுக்குப் பிறகு என்ன ஆனது என்று ஓர் இளைஞர் கேட்டிருக்கிறார். 2013 அவருக்கு மோசமான ஆண்டு: 5 வெற்றி, 11 தோல்வி, 5.74. அந்தக் கோடையில் தந்தையும் இறந்தார். ஒப்பந்தம் முடிந்தது. 2014 முழுவதும் ஆடவில்லை. 2015இல், 37ஆவது வயதைத் தொடும்போது, நாஷ்வில்லில் சிறிய லீக் அணிக்குப் போய், தன் வயதில் பாதியைக் கொஞ்சம் தாண்டிய பையன்களோடு பஸ்ஸிலும் விமானத்திலும் அலைந்து வீசினார். செப்டம்பரில் ஓக்லண்ட் அவரை மேலே அழைத்தது. பழைய தோழர் டிம் ஹட்சன் அப்போது ஜயன்ட்ஸில். இருவரும் எதிரெதிராக ஓர் ஆட்டத்தைத் தொடங்கினார்கள். இருவருமே நெடுநேரம் நிற்கவில்லை, அரங்கம் இருவருக்கும் எழுந்து நின்று கைதட்டியது. 2010, 2012 பட்டங்கள் இரண்டுமே இன்று அவர் பெயருக்குப் பக்கத்தில் எழுதப்படுகின்றன. அவை இரண்டும் ஒரே மாதிரி அவருடையவைதான் என்பது என் உறுதியான கருத்து.

நவம்பர் 15

கடைசியாக வந்திருக்கும் யோசனை: "பிளேஆஃப் பட்டியலை 40 பேராக்கிவிட்டால் யாரையும் ஒதுக்க வேண்டியதில்லையே."

வேண்டாம். அதைச் செப்டம்பரில் செய்து பார்த்தாயிற்று. 2019 வரை செப்டம்பர் மாதத்தில் 40 பேர் வரை வைத்துக்கொள்ளலாம் என்ற விதி இருந்தது. மேலாளர்கள் ஒரு மட்டையாளருக்கு ஒரு பந்துவீச்சாளர் என்று மாற்றி மாற்றி இறக்கினார்கள். ஆட்டம் நான்கு மணி நேரம் இழுத்தது. 2020 முதல் அதை 28 ஆகக் குறைத்தார்கள். அக்டோபரில் 40 பேர் இருந்தால் எந்தத் தொடக்கப் பந்துவீச்சாளரையும் ஐந்தாவது இன்னிங்ஸ் பார்க்க விடமாட்டார்கள். செயின்ட் லூயிஸில் எட்டாவது இன்னிங்ஸ் வரை ஜீட்டோவை நிற்கவிட்டிருக்கவும் மாட்டார்கள். நாலாவது இன்னிங்ஸிலேயே அவருக்குப் பின்னால் இருபது பேர் கை சூடாக்கிக்கொண்டிருந்திருப்பார்கள். 2010இல் அவருக்கு ஓர் இடம் கிடைத்திருக்கும், உண்மைதான். 2012இன் அந்த இரவு கிடைத்திருக்காது. ஜீட்டோவிடமே கேட்டால் இரண்டில் எதை எடுப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.